பச்சை குரோமிஸ் கூட்டம் மீன்தொட்டியில் ஏன் நிலைப்பதில்லை?

கடலில் ஒரே பவளத்தைச் சுற்றிப் பெருங்கூட்டமாக வாழும் பச்சை குரோமிஸ் மீன்களை ஏழெட்டாக வாங்கிக் கடல்நீர்த் தொட்டியில் விட்டால், சில மாதங்களுக்குள் அவை ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றோ இரண்டோ மட்டும் எஞ்சுவது ஏன், இது உண்மையிலேயே கூட்டமாக வாழும் மீன்தானா, இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவற்றைச் சேர்க்கலாமா என்பவை கேட்கப்பட்ட கேள்விகள். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் இதே இழப்பைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தண்ணீரின் தரத்தையோ தங்கள் கவனக்குறைவையோ காரணமாக எண்ணி நொந்துகொள்கிறார்கள். தண்ணீர் சரியாக இருக்கும் தொட்டிகளிலும் இது நடக்கிறது என்பதால், விடையை அந்த மீன் கடலில் வாழும் முறையில்தான் தேட வேண்டும்.

பச்சை குரோமிஸ் கூட்டமாக வாழும் மீன்தான். அதில் ஐயம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் ஒன்றோடொன்று கொண்ட பாசத்தால் கட்டுண்டிருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒளிந்துகொள்ளக் கிளைகள் நிறைந்த பவளமும், இடைவிடாமல் இரை கொண்டுவரும் நீரோட்டமும், எந்நேரமும் சுற்றித் திரியும் இரைகொல்லிகளும் இருக்கும் வரை ஒரு மீனுக்கு அடுத்த மீன் துணையாக இருக்கிறது. அவை நீங்கிய இடத்தில் அதே மீன் போட்டியாளராகிவிடுகிறது. தொட்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இதை விளக்குவதற்கு மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குரோமிஸ் விரிடிஸ் என்ற அறிவியல் பெயரைக் கொண்ட இந்த மீன், கோமாளி மீன்கள் அடங்கிய பொமாசென்ட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. முழு வளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் முழுவதும் பரவி, பசிபிக்கின் நடுவிலுள்ள லைன் தீவுகள் வரையிலும், வடக்கே ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், தெற்கே ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வரையிலும் இது காணப்படுகிறது. அலை அடங்கிய காயல்களிலும், கரையை ஒட்டிய பவளத்திட்டுகளின் பாதுகாப்பான பக்கங்களிலும், இடுப்பளவு நீர் தொடங்கிச் சுமார் இருபது மீட்டர் ஆழம் வரை இதைப் பார்க்கலாம். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1830-இல் இதை விவரித்தார். இதை அப்படியே ஒத்த, ஆனால் சற்றுப் பெரிதாக வளரும் குரோமிஸ் அட்ரிபெக்டோராலிஸ் என்ற மற்றொரு இனம் 1951-இல்தான் தனியாகப் பிரித்தறியப்பட்டது. தோள்துடுப்பு உடலோடு சேரும் இடத்தின் உட்பக்கத்தில் கருந்திட்டு இருந்தால் அது அட்ரிபெக்டோராலிஸ், இல்லையென்றால் விரிடிஸ். இரண்டும் ஒரே கூட்டத்தில் கலந்து திரிவது உண்டு. விற்பனைக்கு வரும் பெட்டிகளிலும் இரண்டும் கலந்தே வருவது உண்டு.

அதன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மேலிருந்து பார்த்தால் இளம் பச்சையாகவும், பக்கவாட்டில் திரும்பும்போது வான்நீலமாகவும் அது மாறி மாறித் தெரிவதற்கு நிறமிச் சாயம் காரணமில்லை. தோலிலுள்ள சில செல்களுக்குள் மிக மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்து, ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. அடுக்குகளுக்கு இடையிலான இடைவெளி மாறினால் நிறமும் மாறும். நரம்புகளின் தூண்டுதலால் மீன் அந்த இடைவெளியை மாற்றிக்கொள்ள முடியும். மிரண்ட மீனும் நோயுற்ற மீனும் பொலிவிழந்து தெரிவதைத் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். பச்சை குரோமிஸின் நலத்தை அறிய அதன் நிறத்தைவிடச் சிறந்த அளவுகோல் நம்மிடம் இல்லை என்பது என் கருத்து.

பகல் முழுவதும் இந்த மீன் செய்வது ஒரே வேலை: நீரோட்டத்தில் மிதந்து வரும் விலங்கு மிதவையுயிரிகளை, குறிப்பாகக் கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளையும் பிற உயிர்களின் முட்டைகளையும், கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடித்து உண்பது. திமிங்கலச் சுறாவைப் போல வாயைத் திறந்து நீரை வடிகட்டுவது இதற்கு இயலாது. மீன் நீரோட்டத்தை எதிர்கொண்டு, தோள்துடுப்புகளை மட்டும் அசைத்து, நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு கோப்பிபாட் நெருங்கி வரும்போது இரு கண்களும் முன்பக்கமாகத் திரும்பும், உடல் ஓர் அங்குலம் முன்னே நகரும், மடங்கியிருந்த தாடை சட்டென்று குழாய்போல் வெளியே நீண்டு இரையை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த நொடி மீன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். சூரியன் இருக்கும் வரை இதையே ஓயாமல் செய்கிறது. சிறிய உடலும், ஓயாத துடுப்பசைவும், ஒரு வாய்க்குக் கிடைக்கும் அற்பமான உணவும் சேர்ந்து, இதை எப்போதும் பசியின் விளிம்பிலேயே நிறுத்தியிருக்கின்றன. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இரை அதிகமாகக் கிடைப்பது பவளத்துக்கு மேலே, திறந்த நீரில். ஆபத்து அதிகமாக இருப்பதும் அங்கேதான். பாரை மீன்கள் வெளிக்கடலிலிருந்து விரைந்து வரும். களவா மீன் கீழே பாறையின் நிழலில் அசையாமல் காத்திருக்கும். கிளைகளுக்குள் அஞ்சாலை நுழையும். தனியாக மேலே சென்று உண்ணும் மீன் சுற்றுமுற்றும் பார்ப்பதிலேயே பாதி நேரத்தை இழந்துவிடும். நூறு மீன்கள் சேர்ந்து உண்டால் இருநூறு கண்கள் காவல் காக்கின்றன. ஒரு மீன் மிரண்டு திரும்பினால், அதன் அசைவை அடுத்த மீன் கண்ணாலும் உடலின் பக்கக்கோட்டு உணர்வுறுப்பாலும் உணர்ந்து திரும்பும். முழுக் கூட்டமும் இமைப்பொழுதில் பவளக் கிளைகளுக்குள் மறைந்துவிடும். பிடிபட்ட மீனின் கிழிந்த தோலிலிருந்து நீரில் கலக்கும் வேதிப்பொருளை முகர்ந்து மற்றவை எச்சரிக்கை அடைவதும் இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் அறியப்பட்டிருக்கிறது. ஆபத்து நீங்கியதும் முதலில் ஒன்றிரண்டு மீன்கள் கிளைகளுக்கு வெளியே தலையை நீட்டும், பின்னர் கூட்டம் சிறிது சிறிதாக மேலே எழும்.

இந்தக் கூட்டம் எப்போதும் ஒரே திசையில் அணிவகுத்துச் செல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்ணும்போது ஒவ்வொரு மீனும் தன்னைச் சுற்றிச் சிறிது இடைவெளி விட்டுத் தனக்கான இரையைத் தேடுகிறது. மிரளும்போது மட்டுமே எல்லாம் ஒரே முகமாகத் திரும்பி நெருங்குகின்றன. அந்த இடைவெளிக்குள் இன்னொரு மீன் நுழைந்தால் துரத்தல் நிகழ்கிறது, கடலிலும் நிகழ்கிறது. ஆனால் துரத்தப்பட்ட மீன் அரை மீட்டர் விலகினால் போதும், சண்டை முடிந்துவிடும். துரத்திய மீனும் இரையைக் கோட்டைவிட்டுவிட்டு நெடுந்தூரம் துரத்த விரும்பாது.

கூட்டத்துக்குள் சமத்துவம் இருப்பதாகவும் கொள்ளக் கூடாது. இதன் நெருங்கிய உறவான டாஸ்கிலஸ் மீன்களில், பெரியவை நீரோட்டத்தின் முன்வரிசையில் நின்று பெரிய இரைகளை முதலில் எடுத்துக்கொள்வதும், சிறியவை பின்னால் நின்று மிஞ்சியதை உண்பதும், பெரியவற்றின் அதட்டலால் சிறியவற்றின் வளர்ச்சியே மட்டுப்படுவதும் ஆய்வுகளில் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளன. குரோமிஸின் கூட்டம் பெரியது, நெகிழ்வானது. எனினும் அளவில் பெரிய மீன் சிறிய மீனை ஒதுக்குவது அதிலும் உண்டு. நூறு மீன்கள் இருக்கும் இடத்தில் அந்த அதட்டல் நூறாகப் பங்கிடப்படுகிறது; எந்த ஒரு மீனின் மீதும் அது நிலையாக இறங்குவதில்லை.

அப்படியானால் இதைத் தனியாக வளர்த்தால் நிம்மதியாக இருக்குமா என்று கேட்கத் தோன்றும். இதற்கு நேரடியான விடை இருக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் லிசார்ட் தீவில் இதே குரோமிஸ் விரிடிஸ் மீன்களை வைத்துச் செய்யப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு மீனும் ஓய்வு நிலையில் எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவிடுகிறது என்று அளந்தார்கள். தன் கூட்டத்தைச் சேர்ந்த மீன்களைப் பார்க்கவும் முகரவும் முடிந்த நிலையில் இருந்த மீனின் அடிப்படை ஆற்றல் செலவு, தனியாக விடப்பட்ட மீனின் செலவைவிட 26 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு வாரம் தனிமையில் வைக்கப்பட்ட மீன்களின் உடல்நிலையும் நலிந்தது. மேலே சொன்ன பசியின் விளிம்பை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும். எதுவும் செய்யாமல் இருப்பதற்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் செலவிடும் மீன், கிடைக்கும் உணவில் வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் மிச்சம் பிடிப்பது கடினம். அருகில் தன் இனம் இருப்பதே இந்த மீனுக்கு ஓய்வு. ஆகவே தனிமை இதற்குத் தீர்வாகாது. தகாத கூட்டமும் தீர்வாகாது என்பதுதான் இதை வளர்ப்பவர்களின் உண்மையான இக்கட்டு.

கூட்டம் உருவாகும் விதமும் இதற்குத் தொடர்புடையது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்கள் கூட்டத்திலிருந்து இறங்கி, பவளத்தின் அடியிலுள்ள மணலிலும் உடைந்த பவளத் துண்டுகளிலும் பாசியிலும் ஆளுக்கொரு சிறு இடத்தைத் துப்புரவு செய்கின்றன. அப்போது அவற்றின் பச்சை மங்கி, உடல் மஞ்சளாகி, முதுகுத்துடுப்பும் பின்புறமும் கருக்கின்றன; பழக்கமில்லாதவர் அதை வேறு இனம் என்றே நினைப்பார். ஒரே கூட்டில் பல பெண் மீன்கள் முட்டையிடுகின்றன. ஒட்டிக்கொள்ளும் அந்த முட்டைகளின் மேல் ஆண் மீன் நின்றுகொண்டு, வால்துடுப்பால் இடைவிடாமல் நீரை விசிறி ஆக்ஸிஜன் ஊட்டுகிறது. பொரிக்காத முட்டைகளைத் தானே தின்று அகற்றுகிறது. நெருங்கும் எந்த மீனையும், தன்னைவிடப் பெரிதாக இருந்தாலும், பாய்ந்து விரட்டுகிறது. இரண்டு மூன்று நாள்களில் முட்டைகள் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சுகள் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கண்ணாடி உயிர்களாகத் திறந்த கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே சில வாரங்கள் மிதவையுயிரிகளோடு மிதவையுயிரியாக வளர்கின்றன.

அந்தக் குஞ்சு திரும்பி வரும் பயணம்தான் எனக்கு இந்த மீனின் வாழ்க்கையிலேயே மிகவும் வியப்பூட்டும் பகுதி. விரல் நகத்தைவிடச் சிறிய அது, பெரும்பாலும் இரவின் இருளில் பவளத்திட்டை வந்தடைந்து, அத்தனை பவளங்களுக்கும் நடுவில் தன் இனம் குடியிருக்கும் பவளத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், குடியேற வந்த குரோமிஸ் விரிடிஸ் குஞ்சுகள் தங்கள் இனத்தைப் பார்வையாலும், மணத்தாலும், நீரில் பரவும் ஒலி அதிர்வுகளாலும் அடையாளம் கண்டு நாடிச் செல்வது காட்டப்பட்டது. அவை பவளத்தைத் தேடுவதைவிட, பவளத்தில் இருக்கும் தம்மவரைத் தேடுகின்றன என்று சொல்லலாம். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. பல பவளத்திட்டு மீனினங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குடியேறும் குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முதல் ஓரிரு நாள்களுக்குள்ளேயே இரையாகிவிடுகின்றன என்று 2006-இல் மதிப்பிடப்பட்டது. அந்த முதல் நாள்களில் பிழைக்க வைப்பவை நெருக்கமான பவளக் கிளைகளும், ஏற்கெனவே அங்கே கூடியிருக்கும் மீன்களுமே.

அந்தப் பவளம் பெரும்பாலும் அக்ரோபோரா வகையைச் சேர்ந்த கிளைப் பவளமாகவே இருக்கும். விரலளவு கிளைகள் நெருக்கமாகப் பின்னி நிற்கும் அதனுள் குஞ்சுகள் நுழைய முடியும். பெரிய இரைகொல்லிகள் நுழைய முடியாது. இங்கே பவளம் கொடுப்பதாகவும் மீன் பெறுவதாகவும் மட்டும் கணக்குப் போடுவது தவறு. இரவில் மீன்கள் கிளைகளுக்குள் உறங்கும்போது துடுப்புகளை நிறுத்துவதில்லை. இருட்டில் பவளமும் அதனுள் வாழும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கை செய்யாமல் சுவாசம் மட்டும் செய்வதால், நீரோட்டம் குறைந்த இரவுகளில் கிளைகளின் உட்பகுதியில் ஆக்ஸிஜன் வெகுவாகக் குறைந்துவிடும். செங்கடலின் வடகோடியான அகாபா வளைகுடாவில் இக்குடும்பத்து மீன்களை இரவில் படம்பிடித்து ஆராய்ந்தபோது, உறங்கும் மீன்களின் ஓயாத துடுப்பசைவு வெளிநீரை உள்ளே இழுத்து அந்த ஆக்ஸிஜன் குறைவை ஈடுசெய்வது தெரியவந்தது. இது 2004-இல் வெளியானது. மேலும், பகலில் திறந்த நீரில் உண்டதை மீன்கள் இரவில் பவளத்துக்குள் கழிவாக வெளியேற்றுகின்றன. அதிலுள்ள அம்மோனியா, சத்துக் குறைந்த வெப்பமண்டல நீரில் பவளத்தின் நுண்பாசிக்கு அரிய உரம். மீன்கள் தங்கிய பவளம் மீன்கள் தங்காத பவளத்தைவிட வேகமாக வளர்வது, கரீபியன் கடலில் வேறொரு மீன்குடும்பத்தை வைத்து 1983-இலேயே காட்டப்பட்டு, பின்னர் பசிபிக்கில் டாஸ்கிலஸ் மீன்களை வைத்தும் உறுதி செய்யப்பட்டது.

இனி தொட்டிக்கு வருவோம். ஏழெட்டு மீன்கள் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் விடப்படுகின்றன. முதல் சில நாள்கள் அவை மிரண்டிருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கியே நீந்தும். பார்ப்பவர் கூட்டம் அமைந்துவிட்டது என்று மகிழ்வார். பிறகு அங்கே பாரை மீனும் இல்லை, களவா மீனும் இல்லை என்பதை அவை அறிந்துகொள்கின்றன. அச்சம் நீங்கியதும் நெருங்கியிருக்கும் தேவையும் நீங்குகிறது. உணவோ, நாள் முழுவதும் நீரோட்டத்தில் வராமல், நாளுக்கு ஒன்றிரண்டு முறை ஒரே மூலையில் மொத்தமாக விழுகிறது. மொத்தமாக விழும் உணவை ஒரு வலிய மீன் காவல் காக்க முடியும். நீரோட்டம் எங்கும் பரவி வரும் உணவைக் காவல் காக்க முடியாது. ஆக, கடலில் பயனற்றதாக இருந்த அதட்டல் தொட்டியில் பயனுள்ளதாகிவிடுகிறது. அதட்டலைத் தாங்கிக்கொள்ள மீதி மீன்களின் எண்ணிக்கையும் போதாது. விலகிச் செல்ல அந்த அரை மீட்டரும் இல்லை. வரிசையின் கடைசியில் இருக்கும் மீன் மேல்மூலையிலோ வடிகுழாயின் பின்னாலோ ஒதுங்கி, உண்ணாமல், நிறம் கருத்து, சில வாரங்களில் இறக்கும். அது இறந்ததும் சண்டை தீர்வதில்லை. அதற்கு அடுத்த மீன் கடைசி இடத்துக்கு வருகிறது. ஒவ்வொன்றாகக் குறைவதன் பொருள் இதுதான்.

எல்லா மரணத்தையும் சண்டையின் கணக்கில் எழுதுவதும் சரியாகாது. வாங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே மீன்கள் இறந்தால், பெரும்பாலும் வேறு காரணத்தைத் தேட வேண்டும். யூரோனீமா மரினம் என்ற குற்றிழை நுண்ணுயிரி பச்சை குரோமிஸைத் தாக்குவது வளர்ப்பவர்களிடையே நன்கு அறியப்பட்டது. அது நீரில் பாக்டீரியாவையும் இறந்த திசுவையும் உண்டு தானாக வாழக்கூடியது. பயணத்தாலும் நெரிசலாலும் நலிந்த மீனின் தோல் வழியாக உள்ளே நுழைந்து தசையைத் தின்னத் தொடங்குகிறது. பக்கவாட்டில், செதில்களுக்கு அடியில், சிவந்த புண்போன்ற திட்டு தோன்றினால் அதைச் சண்டைக் காயம் என்று விட்டுவிடக் கூடாது; திட்டு தெரிந்த பிறகு மீன் ஓரிரு நாள்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பயன்படும் தாமிர மருந்து இதற்குப் பலனளிப்பதில்லை. புதிய மீன்களைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கவனித்த பிறகே முதன்மைத் தொட்டியில் விடுவது ஒன்றே நம்பத்தக்க காப்பு.

மீன் பிடிக்கப்பட்ட விதமும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 2004–2005 காலத்தில் ஓராண்டில் அமெரிக்கா இறக்குமதி செய்த கடல் அலங்கார மீன்களைப் பற்றிய விரிவான கணக்கெடுப்பில், ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களும் 1,802 இனங்களும் பதிவாயின. அவற்றுள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது பச்சை குரோமிஸ். இவ்வணிகத்துக்கு வரும் குரோமிஸ் மீன்களில் ஏறத்தாழ அனைத்தும் கடலில் பிடிக்கப்பட்டவை. வலையைக் கட்டி, மீன்களை மெல்ல அதனுள் ஓட்டிப் பிடிப்பது முறையான வழி. ஆனால் பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கி வேறு நாடுகளுக்கும் பரவிய சயனைடு முறையில், நஞ்சைப் பவளக் கிளைகளுக்குள் பீய்ச்சி, மயங்கிய மீன்களை எடுக்கிறார்கள். உயிர் பிழைத்த மீனும் உள்ளுறுப்புகள் பழுதடைந்து, நன்றாக உண்டுகொண்டிருக்கும்போதே பிறகு இறந்துபோகலாம். கூட்டத்துக்கு வீடாக இருந்த பவளமும் அதோடு வெளுத்து அழிகிறது. ஒரு சிறிய மீனின் விலை மிகக் குறைவாக இருப்பதை மலிவு என்று நாம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் பவளத்தின் விலை அதில் சேர்க்கப்படவில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வளர்ப்பகங்களில் குஞ்சு பொரித்து விற்கலாமே என்றால், கோமாளி மீனில் எளிதான இது குரோமிஸில் கடினம். கோமாளி மீனின் முட்டை பொரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் குஞ்சு நன்கு வளர்ந்து, பெரிய வாயோடு வெளிவருகிறது. குரோமிஸ் குஞ்சு இரண்டு மூன்று நாள்களிலேயே வெளிவருவதால் அதன் வாய் மிகமிகச் சிறியது. கோப்பிபாட்டின் புதிதாய்ப் பொரித்த நுண்குஞ்சுகளைப் போன்ற இரையை, ஒளி, நீரசைவு ஆகியவற்றைக் கச்சிதமாகக் காத்து, தொடர்ந்து கொடுத்தால்தான் அது பிழைக்கும். இதில் வெற்றிகள் கிடைத்திருந்தாலும், கடலில் பிடிக்கப்படும் எண்ணிக்கைக்கு அருகில் அது இன்னும் வரவில்லை. வளர்ப்பகத்தில் பிறந்த குரோமிஸ் கிடைக்குமானால், கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே வாங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் குரோமிஸ் கூட்டத்தை வைத்துக்கொள்ள விரும்புவோர், மேலே சொன்ன கடலின் நிலைமைகளைத் தொட்டிக்குள் எந்த அளவுக்குக் கொண்டுவர முடியும் என்று பார்க்க வேண்டும். ஐந்நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து. அதிலும் உயரத்தைவிட நீளம் முக்கியம். ஏழெட்டுக்குப் பதிலாகப் பதினைந்து, இருபது என்று, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இளம் மீன்களை ஒரே நேரத்தில் விட வேண்டும். தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அகலமான, சீரான நீரோட்டம் இருக்க வேண்டும். கோப்பிபாட், ஆர்ட்டீமியா, நறுக்கிய மைசிஸ் போன்ற சிறிய இரைகளை நாளுக்கு ஐந்தாறு முறை, அந்த நீரோட்டத்தின் தொடக்கத்தில் சிறிது சிறிதாக விட்டால், உணவு எல்லா மீன்களுக்கும் பரவிச் செல்லும், ஒரு மீனால் அதைக் காவல் காக்க முடியாமல் போகும். எனக்குத் தெரிந்தவரை, எந்த மருந்தையும் எந்தக் கருவியையும்விட அதிக வேறுபாட்டை உண்டாக்குவது இந்த உணவூட்டும் முறைதான். நெருக்கமான கிளைகள் கொண்ட பவளங்கள், உயிருள்ளவையோ செயற்கையானவையோ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தால், இரவில் மீன்கள் ஒரே மறைவிடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்காது. விளக்கைத் திடீரென்று அணைக்காமல் மெல்ல மங்கவிடுவதும் நல்லது. அந்தி நேரத்தில் அவை தத்தம் கிளைகளைத் தேடி அடங்கச் சிறிது அவகாசம் வேண்டும். இவற்றையெல்லாம் செய்தாலும் சில மீன்கள் குறையக்கூடும். எனினும் பத்துப் பன்னிரண்டு மீன்களோடு ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் கூட்டத்துக்கு இதில் வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, இறந்தவற்றுக்கு ஈடாகப் புதியவற்றைச் சேர்க்கலாமா என்ற கேள்வி. ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ மட்டும் எஞ்சியிருக்கும் தொட்டியில், கடையில் கிடைக்கும் சிறிய மீன்கள் மூன்று நான்கைச் சேர்ப்பது அநேகமாகத் தோல்வியில்தான் முடியும். எஞ்சிய மீன் தொட்டியின் மூலை முடுக்குகளை அறிந்தது, அளவிலும் பெரியது, வந்தவற்றை அது சில நாள்களில் ஒதுக்கிவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், எஞ்சியதை முதலில் தனித் தொட்டிக்கு மாற்றி, புதிய மீன்களின் பெருங்குழுவை நோய்க் கண்காணிப்பு முடிந்த பிறகு முதன்மைத் தொட்டியில் விட்டு, பாறைகளின் அமைப்பையும் சற்று மாற்றிவைத்து, சில வாரங்கள் கழித்துப் பழைய மீனைக் கடைசியாக விட வேண்டும். அதற்கு இடமும் வசதியும் இல்லாதவர்கள் எஞ்சிய மீனை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அமைதியான பிற சிறு மீன்கள் அருகில் இருந்தால், உணவு சரியாகக் கிடைத்தால், அது பல ஆண்டுகள் வாழக்கூடும். அதற்குத் துணை தேடுவதாக எண்ணி, மாதத்துக்கு இரண்டு மீன்களாக வாங்கி இழந்துகொண்டே இருப்பதைத்தான் உடனே நிறுத்த வேண்டும்.